தட்டுத் தூக்கியவர் கேட்ட வாக்கு

ஹொசே சாரியாவும் என்னைப்போல தட்டுத் தூக்கின ஆள்தான். ஆசிரியராக வரப் படித்தவர். "ஒழுக்கக்கேடு" என்றொரு வழக்கு அந்தக் கனவைக் கலைத்தது. என்ரை பல்கலைக்கழகப் படிப்பும் பாதியிலை நின்றதுதான்.

சான் பிரான்சிஸ்கோவில் பிளாக் கேட் என்ற மதுச்சாலையில் பரிமாறிக்கொண்டே, பெண் வேடம் போட்டு ஒபராக்களைப் பகிடியாகப் பாடினார். ஏமாற்றும் நோக்கில் பெண்ணுடுப்புப் போட்டதாகச் சொல்லிப் பொலிஸ் பிடித்த காலம் அது. வேடமிட்டவர்களுக்கு "நான் ஆண்" என்ற துண்டைக் குத்திவிட்டார். பிறகு எங்கே ஏமாற்று?

1961ல், தன்பாலீர்ப்பை மறைக்காமல் நகரசபைத் தேர்தலில் நின்றார். அமெரிக்காவில் அப்படி நின்ற முதல் ஆள். தோற்றார், ஆனால் கிடைத்தது சுமார் 5,600 வாக்கு. தன்னைப் "பேரரசி" என்று அறிவித்து அவர் தொடங்கிய சபைகள், பல நகரங்களில் முடிசூட்டு விழா நடத்தி நன்கொடை சேர்க்கின்றன. 2013ல் காலமானார்.

எங்கடை ஆக்கள் இப்படியானவர்களைக் கண்டால் சிரிப்பார்கள். சிரிக்கமுதல் அந்த 5,600 பேரையும் ஒருக்கால் நினையுங்கோ.