பைலட்டுக்குப் படித்து வாத்தியாராகவா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது. வெளியே போக முடியாமல் வீட்டில் இருப்பவர்கள் நிதானமாகப் படிக்கலாம்.

போன வாரம் தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். அவருடைய மகள் விமானி உரிமம் வாங்கியவள். விமான நிறுவனங்களில் வேலைக்கு முயன்றுகொண்டே, வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்றுக்கொடுக்கிறாள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்த மாணவர் சொன்னார்: "என்ன சார்வாள், நிலத்த வித்து பைலட்டுக்குப் படிக்க வச்சேன். கடைசில உங்கள மாதிரி வாத்தியார் வேலைக்குல்ல வந்து நிக்கா!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். ஆனாலும் அந்தப் பெண்ணுக்காக இதை எழுதத் தோன்றியது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கணக்கு வாத்தியார் வேறென்ன செய்வான்? நம் நாட்டில் வணிக விமானி உரிமம் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். பெரிய விமானத்தின் கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு 1500 மணி நேரம். உரிமம் கையில் இருந்தாலும் பெரிய விமானம் ஒவ்வொரு வகைக்கும் தனிப் பயிற்சி வேண்டும். 2012-ல் கிங்ஃபிஷர் நின்றது. 2019-ல் ஜெட் ஏர்வேஸ் நின்றது. அடுத்த வருடமே கொரோனா. அப்போதெல்லாம் அனுபவமுள்ள விமானிகளே வேலை தேடி வரிசையில் நின்றார்கள். 200 மணி நேரக்காரர்களை யார் கூப்பிடுவார்கள்?

சொந்தக் காசில் பறந்து மணிக்கணக்கைக் கூட்டுவது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஆகாது. பயிற்சியாளர் ஆனால் சம்பளமும் வரும், பறக்கும் நேரமும் கணக்கில் ஏறும். மாணவன் கையில் விமானம் இருந்தாலும் பொறுப்பு பயிற்சியாளருடையதுதான். அதனால் அந்த நேரம் பொறுப்பு விமானியாகப் பறந்த நேரமாகவே பதிவாகும்.

அமெரிக்காவில் இதுதான் வழக்கமான பாதை. 2009 பிப்ரவரி 12 இரவு, பஃபலோ நகரத்துக்கு அருகே ஒரு பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த சட்டப்படி, 2013 முதல் துணை விமானியாகச் சேரவே பொதுவாக 1500 மணி நேரம் தேவைப்படுகிறது. அந்த எண்ணிக்கையை எட்டப் பெரும்பாலோர் செய்வது பயிற்சியாளர் வேலையைத்தான். நம் தாம்பரத்தில் இன்னொரு வகைப் பள்ளி உண்டு. 1948-ல் அம்பாலாவில் தொடங்கி 1954-ல் தாம்பரத்துக்கு வந்த விமானப்படைப் பள்ளி அது. பறக்கத் தெரிந்தவர்களுக்கு, பறக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள். பறக்கத் தெரிவது ஒன்று, கற்றுக்கொடுக்கத் தெரிவது வேறொன்று என்று விமானப்படைக்கே தெரிந்திருக்கிறது!

இனி வரலாற்றுக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் 1939-ல் பிறந்தவர் எமிலி ஹோவெல் வார்னர். விமான நிலையத்தில் சின்ன வேலை பார்த்துக்கொண்டே, அந்தச் சம்பளத்தில் பறக்கக் கற்றார். பிறகு பயிற்சியாளர் ஆனார். மற்றவர்களுக்கு உரிமத் தேர்வு நடத்தும் தேர்வாளராகவும் உயர்ந்தார். 1960-களின் கடைசியிலிருந்து ஃபிரான்டியர் ஏர்லைன்ஸுக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தார். அழைப்பு வரவில்லை. ஆனால் அவரிடம் கற்றுக்கொண்ட ஆண் மாணவர்கள் ஒவ்வொருவராக விமான நிறுவனங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அவர்களைத் தேறவைத்த வாத்தியாரம்மாவுக்கு மட்டும் வேலை இல்லை.

1973 ஜனவரியில் ஒருவழியாக ஃபிரான்டியர் அவரைச் சேர்த்தது. அப்போது அவர் பறந்திருந்தது சுமார் 7,000 மணி நேரம். பிப்ரவரி 6 அன்று டென்வரிலிருந்து லாஸ் வேகாஸுக்கு போயிங் 737-ல் போனார். 1976-ல் கேப்டன் ஆனார். அவர் அணிந்த சீருடை இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் டெபோரா வார்ட்லி என்ற பயிற்சியாளருக்கும் இதே கதிதான். 1976-ல் ஆன்செட் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார். விமானிகளாக ஆண்களை மட்டுமே எடுப்பது தங்கள் கொள்கை என்று அந்த நிறுவனம் எழுத்திலேயே சொன்னது. அவர் வழக்குப் போட்டார். 1979-ல் தீர்ப்பாயம் அவர் பக்கம் நின்றது. நிறுவனம் உயர் நீதிமன்றம் வரை போயும் 1980-ல் தோற்றது. அந்த ஆண்டு ஜனவரியிலேயே அவர் ஆலிஸ் ஸ்பிரிங்ஸிலிருந்து டார்வினுக்குத் துணை விமானியாகப் பறந்துவிட்டார்.

நம் நாட்டில் பிரேம் மாத்தூர் இவர்களுக்கு முன்னோடி. அவர் பயிற்சியாளர் வழியாக வந்தவர் அல்ல, ஆனால் வேலைக்காகத் தட்டிய கதவுகள் அதிகம். எட்டு நிறுவனங்கள் மறுத்த பிறகு ஹைதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைச் சேர்த்தது என்பார்கள். 1953-ல் இந்தியன் ஏர்லைன்ஸுக்கும் வந்தார்.

எமிலியின் கதையைப் படித்தபோது எனக்கு என் கதை நினைவுக்கு வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பள்ளியில் சேர்ந்தபோது நானும் 'வங்கித் தேர்வு முடிவு வரும்வரை' என்றுதான் சேர்ந்தேன். மூன்று தடவை எழுதினேன், தேறவில்லை. சில வருடம் கழித்து, நான் வீட்டில் வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன் அதே தேர்வில் தேறி, அல்வாப் பொட்டலத்தோடு வந்து நின்றான். காலில் விழுந்தான். மனசார வாழ்த்தினேன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

ஆசிரியரை ஏணி என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஏணிக்கும் மாடி ஏற ஆசை இருக்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை. எமிலியை எல்லாரும் நல்ல வாத்தியார் என்று பாராட்டியிருப்பார்கள். ஆனால் அந்தப் பாராட்டு அவருக்கு விமானி இருக்கையை வாங்கித் தரவில்லை. கற்றுக்கொடுக்கும் வேலையை மட்டம் என்பது தப்பு. அதை உசத்தி என்று சொல்லியே ஒருவரை அங்கேயே நிறுத்திவைப்பதும் தப்பு.

கல்யாண வீட்டில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன், "மாணவனை முதல்முறை தனியாக அனுப்பும்போது எப்படி இருக்கும்மா?" அவள் சொன்னாள்: "நான் எறங்கி ஓடுதளத்துக்குப் பக்கத்துல நிப்பேன் தாத்தா. அவன் ஒரு சுத்து சுத்தி எறங்குற வரைக்கும் எனக்கு மூச்சே வராது. தப்பு பண்ணினா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அதனால முன்னாடியே எல்லாத் தப்பையும் யோசிச்சு வச்சிருக்கணும்."

தம்பி, நீ கவலைப்பட்டாயே, அதற்கு இதுதான் பதில். எல்லாத் தப்பையும் முன்னாடியே யோசித்து வைக்கத் தெரிந்த ஒருத்தி நாளைக்கு 180 பேரை ஏற்றிக்கொண்டு பறந்தால், அந்த விமானத்தில் நான் நிம்மதியாகத் தூங்குவேன். இன்னொன்றும் சொல்கிறேன். சின்னப் பயிற்சி விமானத்தில் மாணவன் இடதுபக்கம், வாத்தியார் வலதுபக்கம். பெரிய விமானத்தில் கேப்டன் இடதுபக்கம், புதிதாகச் சேரும் துணை விமானி வலதுபக்கம். உன் மகள் எந்த இருக்கைக்குக் காத்திருக்கிறாளோ, அந்தப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தினமும் பழகிக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு ஒரு வார்த்தை. அம்மா, விண்ணப்பம் போடுவதை நிறுத்தாதே. நான் மூன்றோடு நிறுத்திவிட்டேன்.

உங்களுக்கு முதல் வேலை கிடைக்கும்வரை என்ன செய்தீர்கள் என்று கீழே எழுதுங்கள், பிள்ளைகளா. அல்வாவோடு வந்த அந்தப் பையனும் இதைப் படிப்பான் என்று தெரியும். இப்போது அவன் ஓய்வு பெற்ற வங்கி மேலாளர். கோபித்துக்கொள்ளாதே தம்பி, அல்வா நன்றாகத்தான் இருந்தது.