முத்துவை மகாராஜா ஆக்கியது யார்?

ரஜினிக்கு ஜப்பானில் ரசிகர்கள் இருக்காங்கன்னு நாம பெருமையா சொல்லிக்கிறோம். ஆனா அவங்க அங்கே பார்த்தது நம்ம படத்தைத்தானா?

'முத்து' 1995 தீபாவளிக்கு வந்தது. கே.எஸ்.ரவிகுமார் இயக்கம், ஏ.ஆர்.ரஹ்மான் இசை. அடுத்த வருஷம் ஜுன் எடோகி என்ற ஜப்பானிய விமர்சகர் அதைச் சிங்கப்பூரில் பார்த்தார். பிடிச்சுப்போய், தன் நாட்டுக்குக் கொண்டுபோக வழி செய்தார். 1998இல் டோக்கியோவின் ஷிபுயா பகுதியில் 'சினிமா ரைஸ்' தியேட்டரில் ரிலீஸ். 23 வாரம் ஓடியது! 2022இல் 'ஆர்.ஆர்.ஆர்.' வரும்வரை அங்கே அதிகம் வசூலித்த இந்தியப் படம் இதுதான்.

அங்கே அதுக்கு வைத்த பெயர், 'முத்து: ஒடோரு மஹாராஜா'. அதாவது, ஆடும் மகாராஜா. எனக்கு உறுத்துவது இதுதான். படத்தில் மகாராஜாவே கிடையாது. இருப்பவர் ஜமீன்தார். முத்து அவர் வீட்டு வேலைக்காரன், குதிரை வண்டி ஓட்டுறவன்.

நான் குடவாசல்காரன். எங்க பக்கம் வயலெல்லாம் மிராசுதார்கள் கையில் இருந்த காலம் உண்டு. பண்ணையாட்களை நினைத்தபடி வெளியேற்றுவதைத் தடுக்க, 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே ஒரு பாதுகாப்புச் சட்டம் போட வேண்டியிருந்தது. அந்த மண்ணிலிருந்து பார்த்தா, சொத்தையெல்லாம் கொடுத்துட்டுப் போகிற ஜமீன்தாரும், அதே வீட்டில் வேலைக்காரனா வளர்கிற அவர் மகனும் சும்மா மசாலாவாத் தெரியாது. நிலம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அதில் இருக்கு. 'மகாராஜா' என்ற ஒரு சொல்லில் அது காணாமப் போச்சு.

இதே அனுபவம் ஜப்பானுக்கும் உண்டு. மியாசாகியின் 'நௌசிகா' 1984இல் வந்தது. மறு வருஷம் அமெரிக்காவில் 20 நிமிஷத்துக்கு மேல் வெட்டி, 'வாரியர்ஸ் ஆஃப் தி விண்ட்' என்று பெயரையும் மாற்றி விற்றாங்க. அதுக்கப்புறம், வெட்டவே கூடாதுன்னு ஜிப்லி ஸ்டுடியோ கறாரா நின்றது. அமெரிக்க ரசிகர்களும் தாங்களே சப்டைட்டில் போட்டு, அனிமே கேசட்டுகளைக் கைமாற்றினாங்க. 2003இல் அதே மியாசாகியின் 'ஸ்பிரிட்டட் அவே' ஆஸ்கர் வாங்கியது.

முத்துவுக்கும் அப்படி ரசிகர்கள் கிடைச்சாங்க. ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வந்தவங்களில் சிலர் தமிழே கத்துக்கிட்டாங்க. ரஜினி பட ரிலீஸுக்குச் சென்னைக்கே பறந்து வர்றாங்க. அவங்களுக்கு இப்போ மகாராஜா தேவையில்லை, முத்துவே போதும்.

நம்ம கதைக்கு வருவோம். ஷின்சானைத் தமிழ் டப்பிங்கில் பார்த்து வளர்ந்தவங்க நாம. இன்னைக்கும் எத்தனையோ வீடுகளில் அனிமேன்னா 'பொம்மைப் படம்'தான். நீங்க பார்க்கிற அனிமேயில் எந்த ஊர் நிலம், எந்தக் காலத்துச் சண்டை இருக்குன்னு ஒருதடவை தேடிப் பாருங்க. கிடைச்சதை எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பேசுவோம்.