தோம்பு முதற் சுட்டெண் வரை

யாழ்ப்பாணத்துப் பழைய காணி உறுதிகளைப் புரட்டுவோர் ‘தோம்பு’ என்னுஞ் சொல்லை அடிக்கடி காண்பர். போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் விரிவாக்கிய பதிவேடு அஃது. நிலத்தோம்பிலே காணிகளும் அவற்றின் உரிமையாளரும் பதியப்பெற்றனர். தலைத்தோம்பிலே ஆட்கள் பதியப்பெற்றனர். இன்ன சாதியார் இத்தனை பேர், அவருள் ஊழியஞ் செய்யக் கடமைப்பட்டவர் இத்தனை பேர், வரி இறுக்கத்தக்கவர் இத்தனை பேர் என்பனவே அவ்வேட்டை எழுதுவித்தோர் அறிய விரும்பியவை. அம்மனிதர் வயிறார உண்டாரா, அவர்தம் மகவு ஓராண்டு நிறைய உயிர் வாழ்ந்ததா, அதற்கு ஏடு வாசிக்க வந்ததா என்பன ஒல்லாந்தக் கும்பனியார்க்கு வேண்டாத செய்திகள். எண்ணுவோர் கண்ணுக்குக் குடிகள் வருவாய்க்கு ஒரு வாயிலாகவே தோன்றினர்.

பிரித்தானியர் ஆட்சியில் இந்நோக்கு மெல்ல மாறத் தொடங்கிற்று. பிறப்பு, இறப்பு, விவாகம் ஆகியவற்றைப் பதிவதற்கு 1867இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. 1871இல் இலங்கைத் தீவு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு நிகழ்ந்தது. சனத்தொகை ஏறக்குறைய 24 இலட்சம் எனக் கண்டனர். அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை எண்ணுதல் வழக்கமாயிற்று.

1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்புக்குத் தலைமை தாங்கியவர் பொன்னம்பலம் அருணாசலம். மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்திற் கொழும்பிலே 1853இற் பிறந்து, கேம்பிரிட்ஜிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவைப் போட்டிப் பரீட்சையில் முதன்முதற் சித்தியெய்திய இலங்கையர் அவர். பதிவாளர் நாயகமாகவுங் கடமையாற்றியவர். அவர் எழுதிய அறிக்கை வெறும் அட்டவணைத் தொகுப்பன்று. தீவின் வரலாறு, சமயம், மொழி, மக்களின் வழக்கங்கள் ஆகியவற்றையும் அது விரித்துரைக்கின்றது. எண்களுக்குப் பின்னே நிற்போர் யாவர் என்பதைச் சொல்லாது எண்களை மாத்திரங் கொடுத்தல் பயனற்றது என்பது அவர் கொள்கை போலும். பிற்காலத்தில் அவரே 1915இற் சமூக சேவைச் சங்கத்தையும், 1919இல் தொழிலாளர் நலன் பேணுஞ் சங்கத்தையும் நிறுவினார். தோட்டத் தொழிலாளரை அட்டவணையில் ஒரு தொகையாகக் கண்ட அதிகாரி, வேலையை விட்டு நீங்கினாற் சிறையிலிடுஞ் சட்டங்களை அவர் பொருட்டு எதிர்க்குந் தலைவரானமை தற்செயலன்று எனத் தோன்றுகின்றது.

எண்ணிக்கை மக்கள் நலத்தை அளக்குங் கருவியாக மதிக்கப்பெற்றது இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயாம். 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் தீவின் பெரும்பகுதியை வாட்டியது. 1935இற் பிறந்த ஆயிரங் குழந்தைகளுக்கு 263 வீதம் ஓராண்டு நிறையுமுன் மாண்டன. 1946இல் அத்தொகை 140 அளவில் நின்றது. 1947இல் 101 ஆயிற்று. அவ்வோராண்டிலேயே பொது மரண வீதமும் ஆயிரத்துக்கு 20 அளவிலிருந்து 14 அளவுக்குத் தாழ்ந்தமை உலக அறிஞரை வியக்கவைத்தது. டி.டி.ரி. மருந்து தெளித்தமையே காரணம் என்றனர் சிலர். மலேரியா மிகுதியில்லாத பகுதிகளிலும் இறப்புக் குறைந்தமையைச் சுட்டி, இலவச வைத்தியசாலைகளும் மருத்துவிச்சிமாரின் பணியும் யுத்தகாலத்துப் பங்கீட்டரிசியுங் காரணம் என்றனர் வேறு சிலர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டெனக் கொள்வதே பொருந்தும்.

கல்வியிற் குடாநாடு முன்னரே முந்திக்கொண்டது. அமெரிக்க மிசனார் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியும், 1824இல் உடுவிலில் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையும் ஒருபுறம். ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் தாபித்த சைவப்பிரகாச வித்தியாசாலையும், 1890இல் உருப்பெற்ற யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் மறுபுறம். போட்டியிற் பிறந்த கல்வியேயாயினும் ஊர்தோறும் பள்ளிக்கூடம் வாய்த்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி, உழுது கிடந்த நிலத்திற் பெய்த மழைபோலாயிற்று. ஆயினும் யாழ்ப்பாணத்து எழுத்தறிவைப் பெருமையோடு எடுத்துரைப்போர் ஒன்றை மறத்தலாகாது. தாழ்த்தப்பட்ட சாதிப் பிள்ளைகள் பல பள்ளிகளில் வாங்கில் அமரும் உரிமையின்றி நிலத்தில் இருத்தப்பட்டனர். சம ஆசனத்தின் பொருட்டு 1930ஐ அண்டிய ஆண்டுகளிற் போராட நேர்ந்தது. உயர்ந்த சராசரிக்குள்ளே இப்பிள்ளைகளும் அடங்கியிருந்தனர். சராசரியோ அவர்களைக் காட்டிற்றில்லை.

இத்தகைய புள்ளிவிபரங்களே பின்னர் இலங்கையை உலக அரங்கில் உயர்த்தின. ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானங் கொண்டே அளப்பது போதாது என்னுங் கருத்து 1970களில் வலுப்பெற்றது. அமெரிக்கப் பொருளியல் வரலாற்றறிஞரான மோறிஸ் டேவிட் மோறிஸ், எழுத்தறிவு, சிசு மரணம், ஒரு வயதின்மேல் எதிர்பார்க்கும் ஆயுள் என்னும் மூன்றைக் கூட்டி வாழ்க்கைத்தரச் சுட்டெண் ஒன்றை வகுத்து 1979இல் நூலாக்கினார். 1990இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் சார்பிற் பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஃபூப் உல் ஹக் மனித மேம்பாட்டுச் சுட்டெண்ணை வெளியிட்டார். பலவகைப்பட்ட வாழ்வை ஓரெண்ணில் அடக்குதற்கு அமர்த்தியா சென் முதலில் தயங்கினார். வருமானக் கணக்கை எதிர்த்து நிற்க அதுபோன்றே எளியதோர் எண் வேண்டும் என்று ஹக் வற்புறுத்தினார். அம்முதலறிக்கையில் இலங்கைக்கு எடுத்துக்காட்டு என்னும் இடங் கிடைத்தது. தலைக்கு 400 டொலர் வருமானமுள்ள இலங்கையர் 71 ஆண்டு வாழ்வர், வளர்ந்தோருள் நூற்றுக்கு 87 பேர் எழுத்தறிந்தோர். 6,200 டொலர் வருமானமுள்ள சவூதி அரேபியாவிலோ ஆயுள் 64, எழுத்தறிவு 55 என அவ்வறிக்கை ஒப்பிட்டுக் காட்டியது.

அவ்வறிக்கை வெளிவந்த 1990ஆம் ஆண்டிலேயே வடக்கில் மீண்டும் போர் மூண்டது. குடாநாடு மின்சாரம் இழந்தது. அவ்வாண்டு ஒக்ரோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். அடுத்த ஆண்டு நிகழவேண்டிய குடிசன மதிப்பு நிகழவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தனர். 2001இல் மதிப்பு நடந்தபோது 18 மாவட்டங்களே முழுமையாக எண்ணப்பட்டன. யாழ்ப்பாணம் அவற்றுள் இல்லை. 1987, 1993, 2000ஆம் ஆண்டுகளின் குடிசன சுகாதார ஆய்வுகளும் வடக்கை விலக்கியே நடைபெற்றன. தாய்சேய் நலத்தில் இலங்கை பெற்ற பாராட்டுக்குரிய எண்களில், மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியிற் பிரசவித்த தாய்மாருக்கு இடமிருக்கவில்லை. 1982இற் பிறந்து குடாநாட்டை விட்டு நீங்காது வாழ்ந்த ஒருவர், தம் முப்பதாவது வயதளவில், 2012இலேயே முதன்முதலாகக் குடிசன மதிப்பில் இடம்பெற்றார்.

சிறியதொரு தீவிலேயே சராசரி இத்துணை மறைக்குமாயின் பெருநாடுகளின் நிலை கூறவேண்டா. இந்தியா முழுவதற்குமான ஓரெண் கேரளத்துக்கும் பொருந்தாது, பீகாருக்கும் பொருந்தாது. அதனையுணர்ந்தே 1995இல் மத்தியப் பிரதேசமும், 2003இல் தமிழ்நாடும் மாவட்டந்தோறுங் கணித்துத் தத்தம் மனித மேம்பாட்டு அறிக்கைகளை வெளியிட்டன. இலங்கையிலும் மலையகத் தோட்டங்களைத் தனியே நோக்கியோர், அங்கே சிசு மரணம் நெடுங்காலம் நாட்டுச் சராசரியினும் மிக்கிருந்தமையைக் கண்டனர்.

போர் 2009இல் முடிந்தபின் எண்ணுவோர் வடக்கே திரும்பினர். குடும்ப வருமானச் செலவு ஆய்வு 2009/10இல் யாழ்ப்பாணத்தையும் வவுனியாவையும் எட்டியது. 2012/13இலேயே எல்லா மாவட்டங்களையுந் தழுவியது. அப்போது நாட்டின் வறுமை வீதம் 6.7, யாழ்ப்பாணத்தில் 8.3; முல்லைத்தீவிலோ 28.8. கிளிநொச்சி நீங்கலாக 1981இல் 7 இலட்சத்து 38 ஆயிரம் மக்களைக் கொண்டிருந்த யாழ்ப்பாண மாவட்டம், 2012இல் 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரையே கொண்டிருந்தது. இறந்தோர், இடம்பெயர்ந்தோர், கடல் கடந்தோர் அனைவரும் அவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட வெளியிலே உள்ளனர். ஆயுள், அறிவு, வருமானம் என்னும் மூன்று கூறுகளுள் எதிலும் அவர்களின் இன்மையைப் பதிய ஒரு நிரல் இல்லை. கனடாவிலிருந்து மகன் அனுப்பும் பணம் தாயின் வீட்டு வருமானமாக அட்டவணையில் ஏறும். அம்மகன் வீட்டில் இல்லை என்பது ஏறாது.