ஆலங்கட்டியும் டிங்கர் பட்டறையும்

ஆலங்கட்டி விழுந்து காரின் கூரை குழிந்தால் நேரே டிங்கர் பட்டறையில் விட்டு, தட்டி நிமிர்த்தி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து வாங்குவது நம் ஊர் வழக்கம். அந்த வழக்கத்தைப் பழிக்க முடியாது. அது பிறந்த காலத்து வண்டிக்கு அது சரியான வைத்தியம். 1961 முதல் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, தனிச் சேஸிஸ் மேல் போல்ட் போட்டுப் பூட்டிய வண்டி. அடிபட்ட பாகத்தைக் கழற்றி வைத்து வேலை பார்க்கலாம். அம்பாசிடரின் தடித்த தகடு சுத்தியலையும் டாலியையும் தாங்கும். புது வண்டிக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த அந்த நாளில், இருப்பதைத் தட்டி ஓட்டுவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் காலூன்றி 1998இல் சான்ட்ரோவை இறக்கியதும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலை திறந்ததும் இந்தக் கணக்கை மாற்றின. தகடு மெலிந்தது ஒரு காரணம். பெரிய காரணம் பெயின்ட். ஆலையில் வெறும் கூட்டைத் தொட்டியில் முக்கி, மின்சாரத்தால் பூச்சு ஏற்றி, 160 டிகிரிக்கும் மேலான சூட்டில் அடுப்பில் வேக வைக்கிறார்கள். டயரும் ஒயரும் பிளாஸ்டிக்கும் ஏறிவிட்ட வண்டியை அந்தச் சூட்டில் வைக்க முடியுமா? பட்டறைக் கூடத்தில் 60 டிகிரி அளவில்தான் உலர்த்துகிறார்கள். மீதியை ஹார்டனர் பார்த்துக்கொள்கிறது. ஆக, ஒருமுறை சுரண்டிய ஆலைப் பூச்சு திரும்பக் கிடைக்காது. ஆலங்கட்டியோ பெரும்பாலும் பெயின்ட்டை உடைக்காமல் குழியை மட்டும் விடுகிறது. கூரையின் உள்துணியை இறக்கி, நீண்ட கம்பியால் பின்புறமிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுக்கும் பெயின்ட் இல்லா முறைக்கு ஏற்ற சேதம் அது. பெயின்ட் விரிசல் விட்டிருந்தாலோ தகட்டின் ஓரம் மடங்கியிருந்தாலோ இந்த முறை பலிக்காது. அங்கே பழைய டிங்கரின் கைதான் வேண்டும்.

கடலோரத்துக்காரருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். 2015 டிசம்பரில் இங்குள்ள ஆலைகளை நிறுத்தியது வெள்ளம்தானே? உண்மை. ஆனால் இங்கே செய்த கார் ஆலங்கட்டி அடிக்கும் நாக்பூரிலும் ஓடுகிறது; கோடையில் ஓசூர்ப் பக்கமும் கல் விழுகிறது. 2002ஆம் ஆண்டின் மோட்டார் காப்பீட்டுக் கட்டண விதிகள் வெள்ளத்தையும் ஆலங்கட்டியையும் ஒரே பட்டியலில்தான் சேர்த்தன. 2007இல் கட்டணக் கட்டுப்பாடு தளர்ந்த பிறகும் பாலிசியில் அந்த வாசகம் நிற்கிறது. மூன்றாம் தரப்புப் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு காசும் வராது. சொந்தச் சேதத்துக்கும் காப்பீடு உள்ளவர் படமெடுத்து, நிறுவனத்துக்குச் சொல்லி, சர்வேயர் பார்க்கும்வரை வண்டியில் கைவைக்க விடக்கூடாது. நாலைந்து குழிதான் என்றால் க்ளெய்மே வேண்டாம். 20 முதல் 50 சதவீதம் வரையான நோ-க்ளெய்ம் போனஸ் போய்விடும். கூரை முழுக்கக் குழி என்றால் கேட்பதே லாபம். அப்போதும், தேய்மானம் கழிக்காத ஜீரோ-டெப் காப்பீடு எடுக்காதவருக்குப் பெயின்ட் பொருள் செலவில் பாதியைக் கழித்துத்தான் தருவார்கள். பெயின்ட்டே அடிக்காத வேலையில் அந்தக் கழிவுக்கு இடமில்லை.