கிம் (நாவல்)

கிம் என்பது ரட்யார்ட் கிப்ளிங் எழுதி, 1901இல் நூலாக வெளிவந்த ஆங்கிலச் சாகச நாவல். அயர்லாந்துப் படைவீரருக்குப் பிறந்து, பெற்றோரை இழந்து, லாகூர்க் கடைத்தெருவில் வளரும் கிம்பல் ஓஹாரா என்ற சிறுவனின் பதின்ம வயதுக் கதை இது.

பம்பாயில் 1865இல் பிறந்த கிப்ளிங், 16 வயதில் லாகூரில் பத்திரிகை வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய தந்தை அவ்வூர் அருங்காட்சியகத்தின் காப்பாளர். அந்த அருங்காட்சியகத்தின் எதிரே, ஜம்ஜமா பீரங்கியின்மேல் கிம் ஏறி உட்கார்ந்திருப்பதில் கதை தொடங்குகிறது. வெயிலில் கறுத்த உடம்பு, நாவில் புரள்வது உள்ளூர் மொழி, ஆங்கிலம் அரைகுறை. புனித ஆறொன்றைத் தேடி வந்த திபெத்திய லாமாவுக்குச் சீடனாகிப் பிச்சைப் பாத்திரம் ஏந்துகிறான். கிராண்ட் டிரங்க் சாலையில் இருவரும் நடக்கும் பக்கங்களே நாவலின் உயிர். சாதுக்கள், கல்யாணக் கூட்டம், வட்டிக்காரர், மாட்டுவண்டிகள் என்று சாலையே ஓர் ஊராக நகர்கிறது. கிம் அதில் யாரோடும் யாராகவும் கலந்துவிடுகிறான்.

இந்தச் சுதந்திரம் நீடிப்பதில்லை. தந்தை பணியாற்றிய படைப்பிரிவே அவனைக் கண்டுபிடிக்கிறது. கழுத்துத் தாயத்தில் இருந்த காகிதங்கள் அவன் வெள்ளையன் என்று காட்டிக்கொடுக்க, லக்னோ பள்ளியில் சேர்க்கப்படுகிறான். முதல் நீண்ட விடுமுறையிலேயே தோலுக்குச் சாயம் பூசி, வேடம் மாற்றித் தப்பி ஓடுகிறான். நான் யார் என்ற கேள்வி மட்டும் அவனைத் துரத்திக்கொண்டே இருக்கிறது.

மார்க் ட்வெய்னின் நாவல் நாயகன் ஹக்கிள்பெரி ஃபின்னும் இவ்வாறு ஓடிப்போனவன்தான். ஆனால் அடிமை ஜிம்மைக் காப்பாற்ற அவன் தன் சமூகம் கற்பித்த நெறியையே உடைக்க வேண்டியிருந்தது. நரகத்துக்குப் போகவும் துணிகிறான். கிம்முக்கு அந்தச் சோதனை வரவில்லை. அவனுடைய ஓட்டத்தையே ஆங்கிலேய அரசு தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. கர்னல் கிரெய்டன் அவனை ரஷ்யாவுக்கு எதிரான உளவுப் பணிக்குப் பழக்குகிறார். லாமாவுக்குத் தொண்டு செய்வதும் பேரரசுக்கு உளவு பார்ப்பதும் கிப்ளிங்குக்கு முரணாகவே தெரியவில்லை என்று இலக்கிய விமர்சகர் எட்வர்ட் செய்த் சுட்டிக்காட்டினார். லாமா தம் ஆற்றைக் கண்டடைகிறார். கிம் எந்த வழியில் போவான் என்று சொல்லாமலே நாவல் முடிகிறது. சென்னையில் பிறந்த திமேரி முராரி 1987இல் 'தி இம்பீரியல் ஏஜெண்ட்' என்ற நாவலில் கிம்மின் கதையைத் தொடர்ந்தார்.

லாமாமீது கிம் வைக்கும் அன்பு பொய்யற்றது. நாவல் இன்றும் வாசிக்கப்படுவது அதனால்தான். எனினும் இனத்தைக் கழற்றி வைப்பதும் வேண்டும்போது மாட்டிக்கொள்வதும் ஆளும் இனத்தில் பிறந்தவனுக்கே வாய்த்தன. தொடக்கக் காட்சியில் அந்தப் பீரங்கியிலிருந்து லாலா தீனாநாத்தின் மகனை கிம் உதைத்துத் தள்ளியிருக்கிறான். பஞ்சாப் ஆங்கிலேயர் கையில் இருந்தது, கிம் ஆங்கிலேயன் என்பதே அதற்குக் கதைசொல்லி தரும் நியாயம்.