இரக்கம் போதாது, உரிமை வேண்டும்!

மின்சார நாற்காலியிலே சிறுவன் ஒருவன் அமர்த்தப்படுகிறான். வயது பதினான்கு. வளர்ந்த மனிதர்களுக்கென்று செய்யப்பட்ட நாற்காலி அது. வார்களை இழுத்துக் கட்டுகிறார்கள் காவலர்கள், அந்தச் சிற்றுடலுக்கு அவை பொருந்தவில்லை. பொருந்தாதது வார் மட்டுமா? அவனுக்கு விதிக்கப்பட்ட தண்டனையுந்தான் பொருந்தவில்லை. அதைக் காணும் கண்கள்தாம் அன்று அங்கே இல்லை!

ஆண்டு 1944. நாள் ஜூன் 16. இடம் அமெரிக்காவின் தென் கரோலினா. சிறுவன் பெயர் ஜார்ஜ் ஸ்டின்னி, கருப்பினத்தவன். வெள்ளைச் சிறுமியர் இருவரைக் கொன்றான் என்பது அவன்மீது சாற்றப்பட்ட குற்றம். அவனைக் காவலர்கள் கேள்வி கேட்டபோது பெற்றோர் அருகே இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஒப்புக்கொண்டுவிட்டான் என்றனர் காவலர்கள். ஏப்ரல் 24 அன்று விசாரணை; அன்றே தீர்ப்பு. ஜூரிகள் பன்னிருவரும் வெள்ளையர். அவர்கள் கலந்து பேச எடுத்துக்கொண்ட நேரம் பத்து நிமிடம்! மேல் முறையீடு செய்வாரில்லை. கருணை காட்ட மறுத்தார் கவர்னர். கைதான நாளிலிருந்து மூன்று மாதம் முடியுமுன்னே அவன் கதை முடிந்தது.

எழுபது ஆண்டுகள் உருண்டோடின. 2014 டிசம்பரில் அதே மாநிலத்து நீதிபதி ஒருவர், அந்த விசாரணையில் அரசியல் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு எதுவும் சிறுவனுக்குக் கிடைக்கவில்லை என்று கூறி, பழைய தீர்ப்பைத் தள்ளுபடி செய்தார். தீர்ப்பு மாண்டது, மாண்டவன் மீளவில்லை.

ஏன் இந்தக் கொடுமை? மூலத்தைத் தேடிச் சென்றால் இங்கிலாந்தின் பழைய பொதுச் சட்டத்திலே போய் நிற்போம். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் குற்ற எண்ணம் கிடையாது என்றது அச்சட்டம். ஏழுக்கும் பதினான்குக்கும் இடைப்பட்டவனுக்கு நன்மை தீமை தெரியாதென்றே முதலில் கொள்ள வேண்டும். தெரியும் என்றால் வழக்குத் தொடுப்பவர் மெய்ப்பிக்க வேண்டும். பதினான்கைத் தொட்டுவிட்டானோ, அவன் முழு மனிதன்! அந்தச் சட்டம் கடல் கடந்து அமெரிக்காவிலும் குடியேறிற்று. வாக்களிக்க அவனுக்கு வயது போதாது. ஜூரியாக அமர வயது போதாது. மரண தண்டனைக்கு மட்டும் வயது போதுமாம்! என்னே சட்டத்தின் கணக்கு!

இந்தக் கணக்கைத் திருத்த வேண்டும் என்று எழுந்தனர் நல்லோர் சிலர். சிகாகோ நகரிலே ஏழைகளிடையே தொண்டாற்றிய ஜேன் ஆடம்ஸ், ஜூலியா லாத்ராப், லூசி பிளவர் ஆகிய பெண்மணிகள் அவர்களிலே முன்னின்றவர்கள். சிறுவர்களைக் கள்வரோடும் கொலைஞரோடும் ஒரே சிறையில் அடைப்பது, குற்றக் கல்வி தரும் கழகத்தில் அவர்களைச் சேர்ப்பதற்கு ஒப்பாகும் என்று கண்டு மனம் நொந்தார்கள். அவர்களும் பிறரும் செய்த முயற்சியால் 1899இல் இல்லினாய்ஸ் மாநிலம் சிறுவர்க்கெனத் தனி நீதிமன்றம் கண்டது. 1925க்குள் நாற்பத்தெட்டு மாநிலங்களில் நாற்பத்தாறு அவ்வழியைப் பின்பற்றின.

புதிய மன்றத்தின் தத்துவம் இது: அரசே தந்தை. தந்தை மகனைத் தண்டிப்பதில்லை, திருத்துகிறான். ஆகவே அங்கே குற்றவாளி இல்லை, வழி தவறிய பிள்ளையே உண்டு. தண்டனை இல்லை, பராமரிப்பே உண்டு. சிறை இல்லை, தொழிற்பள்ளியே உண்டு. தந்தைக்கும் மகனுக்கும் நடுவே வழக்கறிஞர் எதற்கு? சாட்சி எதற்கு? குறுக்கு விசாரணை எதற்கு? எல்லாம் அன்பின் ஆட்சி!

கேட்க இனிக்கிறது. ஆனால் அந்த அன்பின் ஆட்சியிலும் ஓட்டைகள் இரண்டு இருந்தன. கொலைக் குற்றம் என்றதும் பல இடங்களில் அம்மன்றத்தின் கதவு சாத்தப்பட்டது. ஸ்டின்னி போன்றோர் பழைய சட்டத்தின் வாயிலே வீழ்ந்தனர். மற்றோர் ஓட்டை, கதவு திறந்து உள்ளே சென்றவர்களுக்காகவே காத்திருந்தது. அதை உலகுக்குக் காட்டியவன் ஜெரால்டு கால்ட் என்னும் பதினைந்து வயதுச் சிறுவன்.

1964 ஜூன் 8. அரிசோனா மாநிலம். அண்டை வீட்டு அம்மையார் ஒருவர், யாரோ தொலைபேசியில் தம்மிடம் ஆபாசமாகப் பேசியதாக முறையிட்டார். ஜெரால்டையும் அவன் நண்பனையும் காவலர்கள் அழைத்துச் சென்றனர். பெற்றோர் வேலைக்குச் சென்றிருந்தனர். அவர்களுக்கு ஒரு சீட்டுக்கூட எழுதி வைக்கப்படவில்லை. மாலையில் வீடு திரும்பிய தாய், மகனைக் காணாமல் தேட நேர்ந்தது. விசாரணை நீதிபதியின் அறையிலே நடந்தது. வழக்கறிஞர் இல்லை, நடந்ததைக் குறித்து வைப்பாரும் இல்லை. பேசியது எந்தப் பையன் என்று தெரியட்டும், குற்றஞ்சாட்டியவரை வரவழையுங்கள் என்று தாய் வேண்டினாள். அவர் வரத் தேவையில்லை என்பதே கிடைத்த விடை. முடிவு? இருபத்தொரு வயது வரை தொழிற்பள்ளி! அதாவது ஆறு ஆண்டுகள்.

இதே குற்றத்தை வயது வந்த ஒருவன் செய்திருந்தால் அம்மாநிலச் சட்டப்படி என்ன தண்டனை தெரியுமா? ஐந்து முதல் ஐம்பது டாலர் அபராதம். அல்லது மிஞ்சினால் இரண்டு மாதச் சிறை! பெரியவனுக்கு இரண்டு மாதம். பிள்ளைக்கு ஆறு ஆண்டு. ஏன் என்று கேட்டால், பெரியவனுக்குத் தருவது தண்டனையாம், பிள்ளைக்குத் தருவது அன்பாம்! மேல் முறையீட்டுக்கும் அங்கே வழியில்லை.

பெற்றோர் சோர்ந்துவிடவில்லை, ஆட்கொணர்வு மனுவோடு படியேறினர். 1967 மே 15இல் அமெரிக்க உச்சநீதி மன்றம் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஏப் போர்டாஸ். சிறுவனாய்ப் பிறந்த ஒரே காரணத்தால் ஒருவனுக்கு முறையான விசாரணையை மறுக்கலாகாது என்றார் அவர். குற்றம் இன்னதென முன்கூட்டி அறியும் உரிமை, வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமை, சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை, தனக்கெதிராகத் தானே பேசாதிருக்கும் உரிமை — இந்த நான்கும் பிள்ளைகளுக்கும் உண்டென்று நிலைநாட்டப்பட்டது.

இரு சிறுவர்களையும் அருகருகே நிறுத்திப் பார்ப்போம். ஒருவனைச் சட்டம் பெரியவன் என்றது; கொன்றது. மற்றவனைக் குழந்தை என்றது, வாயடைத்தது. முன்னவனுக்கு இரக்கமும் இல்லை, உரிமையும் இல்லை. பின்னவனுக்கு இரக்கத்தின் பெயரால் உரிமை பறிபோயிற்று. உரிமையற்றவனுக்குக் காட்டப்படும் இரக்கம் பிச்சை. பிச்சையை இட்டவன் எந்த நேரமும் திரும்பப் பறிக்கலாம். உரிமையைப் பறிக்க வந்தால், ஏன் என்று கேட்கலாம்!

பின்னர் வந்த தீர்ப்புகள் இரக்கத்தையும் சட்டமாக்கின. பதினெட்டு வயது நிரம்புமுன் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாதென்று 2005இல் அதே உச்சநீதி மன்றம் விதித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். ஒரே ஒருவரின் வாக்கில் வந்த விடிவு அது! இளமையில் விளைவறியும் ஆற்றல் முதிர்வதில்லை, ஆகவே திருந்தும் வாய்ப்பும் மிகுதி என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. வெளிவரவே வழியில்லாத ஆயுள் சிறையைச் சிறுவர்மீது கட்டாயமாகச் சுமத்துவதும் 2012இல் விலக்கப்பட்டது.

நமக்கு இதில் என்ன என்று கேட்பாருக்கு ஒன்று சொல்வோம். சிறுவர்க்குத் தனிச் சட்டம் என்னும் எண்ணத்தை இந்தியாவில் முதலில் ஏற்ற மாகாணம் நமது சென்னை; 1920இன் குழந்தைகள் சட்டம் அதற்குச் சான்று. இந்திய நாடாளுமன்றம் 2015இல் இயற்றிய சட்டமோ, பதினாறு வயது நிரம்பியவர் கொடுங்குற்றம் புரிந்ததாகச் சாட்டப்பட்டால், முதற்கட்ட ஆய்வுக்குப்பின் பெரியவரைப் போலவே விசாரிக்க இடந்தந்தது. ஆனால் மரண தண்டனை அங்கும் விலக்கப்பட்டிருக்கிறது.

குற்றத்தால் துயருற்றோரின் கண்ணீரை நாம் மறக்கவில்லை. அக்கண்ணீருக்கு விடை வேண்டும். அது மெய்யான விடையாகவும் இருக்க வேண்டும். பத்து நிமிடத்தில் எழுதிய தீர்ப்பு, இறந்த சிறுமியர்க்கும் நீதி தரவில்லை. உண்மையை ஆராயாமலே ஏட்டை மூடிவிட்டது. ஆகவே, எத்தனை ஆண்டு தண்டனை என்று கேட்குமுன் வேறொன்று கேட்போம்: விசாரணைக் கூடத்திலே அந்தப் பிள்ளைக்கு அருகில், அவனுக்காகப் பேச ஒருவர் நின்றாரா?