மெல்ல அழுதால் பக்கத்தில்

1957 ஏப்ரல் 27 அன்று சிங்கப்பூர் கேத்தே திரையரங்கில் 'பொந்தியானாக்' என்ற மலாய்ப் படம் வெளியானது. மலாயா சுதந்திரம் பெற இன்னும் நான்கு மாதம் இருந்தது. இயக்கியவர் பி. என். ராவ், இந்தியாவில் படம் எடுத்துப் பழகிவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். பேயாக நடித்தவர் மரியா மெனாடோ. கதை எழுதியவர் அவருடைய அன்றைய கணவர் அப்துல் ரசாக். படம் வாரக்கணக்கில் ஓடியது. கன்டோனீஸ் மொழிக்கும் குரல் மாற்றினார்கள். அதே ஆண்டு 'டெண்டாம் பொந்தியானாக்', அடுத்த ஆண்டு 'சும்பா பொந்தியானாக்' என்று பழியும் சாபமுமாக இரண்டு தொடர்ச்சிகள் வந்தன.

முதல் இரண்டு படங்களையும் இன்று யாரும் பார்க்க முடியாது. பிரதி இல்லை. கேத்தே-கெரிஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஹோ ஆ லோக், படச்சுருள்களைக் கைவிடப்பட்ட ஈயச் சுரங்கக் குட்டை ஒன்றில் கொட்டிவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். பேய்ப்படத்துக்கு இதைவிடப் பொருத்தமான சாவு கிடைக்காது.

ஆனால் படம் போனாலும் பயம் போகவில்லை. ரந்தாவ் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பாட்டி அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை. சிரம்பானுக்குப் போய்ப் பார்த்து வந்தவர்கள் லயத்து வாசலில் உட்கார்ந்து சொல்ல, கேட்டதோடு சரி. அவரிடமிருந்து கேட்டது நான். மூன்றாம் கையாக வந்து சேர்ந்தும் பயமுறுத்துகிற ஒரு படத்தில் அப்படி என்னதான் இருந்தது? இருட்டு, திடீர்ச் சத்தம், மேக்கப் எல்லாம் வாய்வழியாகக் கடந்து வராது. கதைதான் வரும்.

அந்தக் கதை இது. சோமெல் என்றொரு கூனி. அவலட்சணம் என்று ஊர் ஒதுக்கியவள். அவளை எடுத்து வளர்த்த கிழவர் மாந்திரீகம் அறிந்தவர். சாகும்போது தன் ஏடுகளை எரித்துவிடச் சொல்கிறார். அவள் எரிக்கவில்லை. அதில் கண்ட மருந்தைக் காய்ச்சிக் குடித்து அழகியாகிறாள். ஒரே நிபந்தனை, இரத்தம் நாக்கில் படக்கூடாது. கல்யாணம் ஆகிறது, பெண் குழந்தை பிறக்கிறது. ஒருநாள் புருஷனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடுக்க வாயை வைக்கிறாள்.

அவ்வளவுதான். அந்தக் கணத்தில் அவள் என்ன செய்திருக்க வேண்டும்? ரப்பர்த் தோட்டத்தில் பாம்புக்கடி ஒரு சினிமாச் சம்பவம் இல்லை. பாட்டி இந்த இடத்தில் கதையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்ப்பார். "நீயா இருந்தா சும்மா நிப்பியாடா?" என்பார். கேட்பவருக்கும் பேய்க்கும் நடுவே இருந்த சுவர் அந்தக் கேள்வியோடு இடிந்துவிடும். பேய் வெளியிலிருந்து வரவில்லை. புருஷனைக் காப்பாற்றப் போன பெண்டாட்டிதான் பேய்.

இதே காலத்தில் தமிழ்ப் படங்களும் இங்கே வந்துகொண்டிருந்தன, அவற்றிலும் பேய் உண்டு. கே. ராம்நாத் இயக்கி எம்.ஜி.ஆர் நடித்த 'மர்மயோகி' (1951) தமிழில் 'ஏ' சான்றிதழ் பெற்ற முதல் படம். காரணம் அதிலிருந்த ஆவிக் காட்சிகள். ஆனால் அந்த ஆவி ஆவியே இல்லை. செத்ததாக நம்பப்பட்ட அரசன் உயிரோடுதான் இருக்கிறான், ஆவியாக நடித்துக் குற்றவாளியைக் கலங்கடிக்கிறான். இல்லாத பேய்க்குப் பெரியவர் சான்றிதழ்! பதினைந்து வருஷம் கழித்து வந்த 'யார் நீ' (1966) படத்திலும் வெள்ளைச் சேலை கட்டி மழையில் நிற்பவளுக்குப் பின்னால் இருந்தது ஒரு சொத்துச் சதி. பேயை அவிழ்த்துக் காட்டுவது அன்றைய தமிழ் சினிமாவுக்குப் பிடித்த வேலையாக இருந்தது. பகுத்தறிவுப் பிரச்சாரம் சூடாக இருந்த காலம் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். தணிக்கைக்குப் பதில் சொல்லவும் அது வசதி. எனக்கு அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அவிழ்க்கப்பட்ட பேய் தியேட்டர் வாசலைத் தாண்டி வீடுவரை வராது. மலாய்ப் படத்துப் பேய் வந்தது, ஏனென்றால் அது தங்கியிருந்த ஊர் பக்கத்து கம்பம்தான்.

அது வந்து சேர்ந்த இடத்தையும் கொஞ்சம் பார்க்கவேண்டும். ரந்தாவ், சிரம்பானுக்குத் தெற்கே லிங்கி போகும் பக்கம் உள்ள சின்னப் பட்டணம். லின்சம் போன்ற தோட்டங்கள் சுற்றிலும். பழைய சுங்கை ஊஜோங் வட்டாரத்தில் காப்பி போட்டுப் பார்த்துப் பிறகு ரப்பருக்கு மாறிய நிலம் நிறைய. பால் மரம் வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் நன்றாகச் சுரக்கும். அதனால் விடியுமுன்பே பெரட்டுக்குப் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் கட்டிய விளக்கோடு நிரைக்குள் இறங்கவேண்டும். ரப்பர் நிரை காடுமாதிரிக் குழப்பமாக இருக்காது. கோடு போட்டது போல நேராக, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி இருக்கும். விளக்கு வெளிச்சம் நாலைந்து மரத்துக்குமேல் போகாது. பெண்கள் தனியாகத்தான் தங்கள் நிரையில் நிற்பார்கள். பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த தாய்மார் பலர்.

1948இல் தொடங்கிய அவசரகாலம் 1960வரை நீடித்தது. லயங்களை ஒன்றுசேர்த்துச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள், ஊரடங்கு வைத்தார்கள். தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டம் தோட்டமாகப் போய் திரை கட்டி அரசாங்கப் படம் காட்டின. அந்தப் படங்களில் காட்டுக்குள் இருந்த பூதம் கம்யூனிஸ்ட். மக்கள் இலவசப் படத்தைப் பார்த்தார்கள். அதைப் பார்த்துப் பயந்த கதையைப் பாட்டி ஒருநாளும் சொன்னதில்லை. ராணுவத்துக்கும் பயம், மேல இருக்கிறவனுக்கும் பயம், ஆனா அது வேற பயம் என்பார். இரண்டுக்கும் வித்தியாசம் என்ன என்று கேட்டால், "அவன் வந்தா அரிசி கேப்பான். இது ஏன் வருதுன்னு நமக்கே தெரியும்ல" என்றார் ஒருமுறை.

ஏன் வருகிறது என்று தெரிந்திருப்பது. பேய்ப்படம் பலிப்பதற்கு இதுதான் அடிப்படை என்று நினைக்கிறேன். பேய் வருவதற்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கவேண்டும். பார்ப்பவர் மனசுக்குள் அந்தக் கணக்கை ஒப்புக்கொண்டிருக்கவேண்டும்.

பொந்தியானாக் பிரசவத்தோடு தொடர்புள்ள பேய். வால்டர் ஸ்கீட் 1900இல் வெளியிட்ட 'மலாய் மேஜிக்' நூலில் இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார். பிரசவத்தில் செத்த தாய் லாங்சுயர் ஆவாள், செத்துப் பிறந்த பிள்ளை பொந்தியானாக். சினிமா இரண்டையும் ஒன்றாக்கியது. தாய் அப்படி மாறாமலிருக்க, பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளைப் போடுவார்களாம், அக்குளில் கோழி முட்டை, உள்ளங்கையில் ஊசி. வாய் திறந்து கத்தக்கூடாது, கையை விரித்துப் பறக்கக்கூடாது. செத்தவளுக்குச் செய்கிற இந்தக் காவலைப் படிக்கும்போது எனக்குப் பேயைவிட அந்த ஊர்தான் பயமாக இருந்தது.

தமிழர்களுக்கும் இது அந்நியமில்லை. தமிழ்நாட்டில் வழியோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒன்றைப் படுக்கவைத்திருக்கும். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக வைப்பது. வழிப்போக்கர் தலைச்சுமையை அதில் இறக்கி வைத்தால் அவள் சுமையும் இறங்கும் என்று நம்பிக்கை. கப்பலேறி வந்தவர்கள் முனியாண்டியைக் கொண்டுவந்தார்கள், மாரியம்மனைக் கொண்டுவந்தார்கள். ரந்தாவ் சுற்றுவட்டாரத்தில் ஒரு சுமைதாங்கியை நான் பார்த்ததில்லை. மலேரியாவும் வயிற்றுப்போக்கும் தோட்டத்து ஆட்களை அள்ளிக்கொண்டு போன ஆரம்ப காலத்தில், பிள்ளைத்தாய்ச்சிகள் சாகாமலா இருந்திருப்பார்கள்? யாருக்கும் கல் நடவில்லை. தோட்டத்து நிலம் கம்பெனியுடையது, எங்கே நடுவது? இறக்கி வைக்க இடமில்லாத அந்தச் சுமை மலாய்க்காரர் சொன்ன கதையில் போய் உட்கார்ந்துகொண்டது. மொழி வேறு, பேய் நமக்குத் தெரிந்தவள்.

ஆணியும் அப்படித்தான். ஸ்கீட் சொல்லும் லாங்சுயருக்குப் பிடரியில் ஒரு துளை, நீண்ட கூந்தல் அதை மறைக்கும். அவள் முடியையும் நகத்தையும் வெட்டி அந்தத் துளையில் அடைத்தால் சாதாரணப் பெண்ணாகி வீட்டுவேலை செய்வாள். சினிமாவில் இது பிடரியில் அடிக்கும் ஆணியாகச் சுருங்கியது. தமிழ்நாட்டில் பேயோட்டும் பூசாரி, பிடிபட்டவளின் உச்சிமுடியைக் கொத்தாக எடுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்து நிறுத்துவார். முடி, ஆணி, பெண். தோட்டத்துத் தமிழருக்கு இந்தப் படத்தில் விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

சத்தத்துக்கு வருவோம். பொந்தியானாக் குழந்தைபோல அழும். உரக்கக் கேட்டால் அது தூரத்தில் இருக்கிறது. மெல்லக் கேட்டால் பக்கத்தில். எந்தப் பேய்க்கும் இவ்வளவு நுட்பமான விதி இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. காது இத்தனை வருஷமாக நம்பிவந்த ஒன்றை அது தலைகீழாக்குகிறது. அழுகை தேயத் தேய மனசு ஆறவேண்டும், இங்கே பதற ஆரம்பிக்கிறது. இன்றைய பேய்ப்படங்கள் சத்தத்தைத் திடீரென்று கூட்டி ஆளைத் துள்ளவைக்கின்றன. துள்ளியவர் அடுத்த நொடி சிரிக்கிறார், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறார், பாப்கார்ன் எடுக்கிறார். இந்த விதியை அறிந்தவருக்கு நிசப்தமே போதும். லயத்தில் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கைக்குழந்தை இருமி அழுது ஓய்வது தினசரி நடப்பது. அந்த ஓய்வையும் படம் எடுத்துக்கொண்டது.

வாசனைதான் விநோதம். பொந்தியானாக் வருமுன் கெம்போஜா பூ மணக்கும். மலாய் இடுகாடுகளில் நிற்கும் மரம் அது. 2004இல் சுஹைமி பாபா எடுத்த 'பொந்தியானாக் ஹாரும் சுண்டால் மாலாம்' படத்தின் பெயரிலேயே வாசனை. 'சுண்டால் மாலாம்' நமக்கு நிலச்சம்பங்கி, சாமிக்கு மாலை கட்டுகிற பூ. இந்த ஒரு இடத்தில் நம் மூக்கு ஒத்துழைக்காது. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்குக் கோயில்தான் ஞாபகம் வரும். மற்றபடி அந்தப் படமும் பழைய கணக்கைத்தான் எடுக்கிறது. கொல்லப்படும் நடனக்காரி வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறாள்.

1958இல் 'எண்ணெய் மனிதன்' படங்கள் வரிசையாக வந்தன. பி. ரம்லியின் 'சும்பா ஓராங் மிஞாக்', எல். கிருஷ்ணனின் 'ஓராங் மிஞாக்'. கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர், 'பக்தி' (1950) படத்தில் ரம்லியைக் கதாநாயகனாக்கியவர். உடம்பெல்லாம் கறுப்பு எண்ணெய் பூசிக்கொண்டு பெண்களைத் தேடி வீடு புகுபவனைப் பற்றிய பீதி அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்தது. ரம்லியின் படம் அருமை, ஆனால் அதில் மனம் நிற்பது அவமானப்பட்ட கூனன்மேல். எண்ணெய் மனிதனைப் பார்த்துப் பெண்கள் பயந்தது பேய் என்பதால் இல்லை, ஆண் என்பதால். தாழ்ப்பாள் போட்டால் தீர்கிற பயம். பொந்தியானாக்குக்கு எந்தத் தாழ்ப்பாள்?

தமிழில் பேய் உண்மையான பேயாக வரக் கொஞ்சம் நாளானது. துரை இயக்கிய 'ஆயிரம் ஜென்மங்கள்' (1978) அதற்கு நல்ல உதாரணம். பிறகு 'சந்திரமுகி' (2005) மறுபடி மனநோய் என்று அவிழ்த்தது. 'காஞ்சனா' (2011) முக்கால்வாசி கூத்து. கொஞ்சம் அதிகமாகவே கூத்து. ஆனால் திருநங்கை காஞ்சனா தன் நிலத்தைப் பறித்தவனைத் தேடி வரும்போது தியேட்டரின் முகம் மாறுவதைக் கவனித்திருப்பீர்கள். மலேசியாவில் அதைப் பார்த்தவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்திலிருந்து எழுப்பப்பட்டு, வேலையோடு வீட்டையும் இழந்து பட்டணத்து ஓரம் வந்தவர்களின் பிள்ளைகள். நிலத்துக்காக ஒருத்தி செத்தும் திரும்பி வருவது அவர்களுக்கு எப்படிப் பட்டிருக்கும்!

ரந்தாவைச் சுற்றி இப்போது பெரும்பாலும் செம்பனை. விடியுமுன் யாரும் விளக்குக் கட்டி இறங்குவதில்லை. மிச்சம் பிடித்த மூன்றாவது படம் 'சும்பா பொந்தியானாக்' சீரமைக்கப்பட்டு இப்போது பார்க்கக் கிடைக்கிறது. பார்த்தேன். ஒப்பனை பல இடத்தில் சிரிப்பு மூட்டுகிறது. அதில் சோமெல் தன் மகளைத்தான் தேடுகிறாள். வளர்ந்த மகளுக்கு அம்மா யாரென்று தெரியும், ஊருக்கும் தெரியும். அவளைக் காப்பாற்ற அம்மா வரவேண்டும், வந்தால் ஊர் ஆணியோடு நிற்கும். கைபேசியில் சத்தத்தைக் கூட்டிவைத்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். குறைக்க மனம் வரவில்லை.